‘கழிவு வெளியேறுது’ என்று சமாதானம் சொல்ல வேண்டாம்

விடிகாலை மூன்று மணி இருக்கும். அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். சமையலறையில் செம்பு உருளும் சத்தம் கேட்டு எழுந்து போனால், அக்கா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நைட்டி முதுகோடு ஒட்டிக் கிடந்தது, அவ்வளவு வேர்வை. விரல்கள் நடுங்கின. “என்னக்கா செய்யுது?” என்றேன். “ஒண்ணுமில்லடா, ஒரு வாரமா இப்படித்தான். உடம்புல கழிவு வெளியேறுதாம். பத்து நாள்ல சரியாயிரும்னு சொன்னாங்க.” விரலைக் குத்தி குளுக்கோமீட்டரில் பார்த்தோம். 54.

மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 82. கொஞ்சம் சாப்பிடவும் கொடுத்தோம். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நடந்தது இதுதான். எதிர்வீட்டுக்காரர் மாவுச்சத்தைக் குறைத்து நன்றாக எடை குறைந்திருந்தார். அவர் சொன்னபடி அக்காவும் இட்லி, சோறு எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டு, இரவில் முட்டையும் கீரையும் மட்டும் சாப்பிட்டாள். ஆனால், சர்க்கரை நோய்க்குப் பல வருடமாகப் போட்டுவரும் கிளிமிபிரைடு மாத்திரையை அதே அளவில் தொடர்ந்தாள். அந்த மாத்திரை கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். நாம் சோறு சாப்பிட்டோமா இல்லையா என்று அது பார்க்காது. எதிர்வீட்டுக்காரர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார், அந்த உணவுமுறை அவருக்கு உதவியதும் உண்மைதான். அக்காவின் உடம்புக்கும் அவள் போடும் மாத்திரைக்கும் அது பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்று உடம்பு ஏழு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சொல்லை அடக்கி வைத்தது ‘கழிவு வெளியேறுது’ என்ற ஒற்றை வாக்கியம்.

உடம்பில் கழிவை வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் குடலும் நுரையீரலும் இரவு பகலாகச் செய்கின்றன. அந்த வேலைக்கு நடுக்கமோ மயக்கமோ வாந்தியோ தேவையில்லை. உணவை மாற்றிய பிறகு அவை வந்தால், அதற்கு வேறு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைத் தேடத்தான் வேண்டும்.

பழகுவதற்கு எத்தனை நாள்?

புதிய உணவுக்கு உடம்பு பழக நாளாகும் என்பது பொய்யில்லை. எது பழகும் தொந்தரவு, எது ஒத்துக்கொள்ளாத தொந்தரவு என்று பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம்.

நார்ச்சத்தை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் சுமார் 3 கிராம் நார்ச்சத்து. அதே அளவு கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராமுக்கு மேல். மூன்று வேளையும் அரிசி சாப்பிட்ட வயிற்றுக்கு, திங்கட்கிழமை முதல் மூன்று வேளையும் சிறுதானியம் என்றால் வயிறு உப்பும், காற்று பிரியும். தண்ணீர் போதாவிட்டால் மலச்சிக்கலும் வரும். இது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் குடல் பழகியதும் அடங்கும். ஒரு வேளை மட்டும் மாற்றி, மெல்ல மெல்லக் கூட்டினால் பலருக்கு வரவே வராது.

மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் கீட்டோ முறையில் முதல் வாரம் தலைவலி, அசதி, எரிச்சல், கெண்டைக்கால் பிடிப்பு வருவதுண்டு. தசையிலும் ஈரலிலும் சேமித்துள்ள கிளைகோஜன் கரையும்போது, அதன் ஒவ்வொரு கிராமுடனும் சுமார் 3 கிராம் தண்ணீரும் போய்விடும்; கூடவே உப்பும் போகும். முதல் வாரத்தில் இரண்டு கிலோ குறைந்துவிட்டது என்று சொல்லும் மகிழ்ச்சியில் பெரும்பங்கு தண்ணீர்தான். இந்தச் சோர்வும் நாளுக்கு நாள் குறைய வேண்டும். மூன்றாவது வாரத்தில் முதல் வாரத்தைவிட மோசமாக இருக்கிறீர்கள் என்றால், அதற்குப் பழக்கம் என்று பெயரில்லை. கீட்டோ 1921-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வலிப்பு நோய்க்காக ரஸ்ஸல் வைல்டர் முன்வைத்த சிகிச்சை. வலிப்புக்கு இன்றும் அதை மருத்துவர் கண்காணிப்பில், ரத்தப் பரிசோதனைகளோடுதான் கொடுக்கிறார்கள். அதே உணவை நாம் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுத் தொடங்கிவிடுகிறோம்.

ஒரே இலை, வேறு வேறு வயிறு

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 609 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொழுப்பைக் குறைத்த உணவு, மற்றதற்கு மாவுச்சத்தைக் குறைத்த உணவு என்று ஒரு வருடம் கடைப்பிடிக்கவைத்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. சராசரியில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வேறுபாடில்லை. ஐந்தரை, ஆறு கிலோ அளவில் குறைந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் சிலர் 25 கிலோவுக்கு மேல் குறைந்திருந்தார்கள், சிலருக்கு எடை கூடியே இருந்தது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் 2015-இல் 800 பேரை வைத்து வெளியிட்ட ஆய்விலும், ஒரே உணவைச் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை ஏறிய விதம் ஆளுக்கு ஆள் வெகுவாக மாறியது.

ஆகவே “எனக்கு ஒத்துவரவில்லை” என்று ஒருவர் சொல்லும்போது, “நீங்கள் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை” என்று பதில் சொல்வது அநியாயம். அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு, உடம்பு கெடுவதைத் தன் மனஉறுதியின் குறை என்று நினைத்துக்கொண்டு தொடர்பவர்கள் நிறையப் பேர். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வீடுகளில் நடப்பவை

“சர்க்கரையா? ராத்திரி சப்பாத்தி சாப்பிடுங்க” என்பது நம் ஊரில் எழுதாத சட்டம். கோதுமையும் தானியம்தான், அதிலும் மாவுச்சத்து நிறைய உண்டு. அரைத் தட்டு சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி போனால் சர்க்கரை குறையாது. இன்னொரு பக்கம், கோதுமை சிலருக்கு வயிற்றோடு ஒத்துப்போவதில்லை. சாப்பிட்ட சில மணி நேரத்தில் வயிறு பலூன்போல உப்பும், இரைச்சல் கேட்கும். சிறு பகுதியினருக்குச் சீலியாக் என்னும் நோய் இருக்கும். அவர்களுக்குக் கோதுமையிலுள்ள குளூட்டன் சிறுகுடலின் உட்சுவரையே சேதப்படுத்தும். நாள்பட்ட பேதி, எடை குறைதல், இரும்புச்சத்து மாத்திரை போட்டும் ஏறாத ரத்தசோகை அதன் அடையாளங்கள். சந்தேகம் வந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்துப் பரிசோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும்.

பால் அடுத்தது. சுண்ணாம்புச் சத்துக்காகத் தினமும் இரண்டு தம்ளர் பால் என்று எழுதிக் கொடுப்பார்கள். உலகில் வளர்ந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. பால் குடித்த அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு இரைவது, இளகிப் போவது என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். அவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துப்போகும். கேழ்வரகிலும் கீரையிலும் எள்ளிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. பாலைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்க வேண்டிய அவசியமில்லை.

எனக்கு மிகவும் கவலை தருவது காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் பச்சைச் சாறுகள். கீரையை வேகவைத்துக் கூட்டாகச் சாப்பிடும்போது ஒரு கைப்பிடிதான் உள்ளே போகும். மிக்சியில் அடித்தால் ஒரு கட்டுக் கீரை ஒரு தம்ளருக்குள் அடங்கிவிடும். பாலக் போன்ற கீரைகளில் ஆக்சலேட் அதிகம்; அது சிறுநீரகத்தில் படிகமாகப் படியக்கூடியது. கேரளத்தில் இரும்பன் புளி என்று சொல்லும் பிலிம்பிக் காயின் சாற்றைச் செறிவாகக் குடித்த பத்துப் பேருக்குத் திடீரென்று சிறுநீரகம் செயலிழந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2013-இல் பதிவு செய்தார்கள். கொழுப்பைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் குடிக்கப்படும் சாறு அது. அவர்களில் சிலருக்கு டயாலிசிஸ் வரை போக வேண்டியிருந்தது. ஊறுகாயாகவும் மீன்குழம்பில் புளிப்பாகவும் காலம்காலமாகச் சாப்பிட்ட காய்தான். அளவும் வடிவமும் மாறியதும் உணவு வேறாகிவிட்டது. கல் அடைப்பு வந்தவர்களும் சிறுநீரகம் பலவீனமானவர்களும் எந்தச் சாற்றையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மாத்திரையோடு மோதும் உணவு

அக்காவின் கதை இந்த வகை. சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை போடுபவர்களும் மாவுச்சத்தைக் குறைத்தாலோ விரதம் இருந்தாலோ சர்க்கரை தாழ்ந்துபோகும். 70-க்குக் கீழே போனாலே அது தாழ்நிலை. நடுக்கம், வேர்வை, படபடப்பு, காரணமில்லாத கோபம், திடீர்ப் பசி ஆகியவை அதன் அறிகுறிகள். தூக்கத்தில் வந்தால் தலையணை நனைந்திருக்கும், காலையில் தலை கனக்கும்.

சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போடுபவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடக்கூடும். மோசம் என்னவென்றால், அப்போது மீட்டரில் சர்க்கரை அவ்வளவு அதிகமாகக் காட்டாது. குமட்டல், வாந்தி, வயிற்று வலி, வேகமான மூச்சு வந்தால், சர்க்கரை சரியாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவர் திடீரென்று நிறையக் கீரை சாப்பிட ஆரம்பித்தால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீரும் பழச்சாறும் பொட்டாசியத்தை ஏற்றும். சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பில் பலவும் பொட்டாசியம் கலந்தவை. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போடுபவர் பால், முட்டை, இறைச்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டால் வைட்டமின் பி12 இரண்டு வழியிலும் குறையும். பாதத்தில் எறும்பு ஊர்வதுபோலத் தொடங்கும்.

தாமதமாகச் சொல்லும் உடம்பு

முடி கொட்டுவது நல்ல உதாரணம். கடும் உணவுக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் சீப்பில் கொத்தாக முடி வரும். அதற்குள் அந்த டயட்டையே மறந்திருப்போம். தண்ணீரையும் ஷாம்பையும் குறை சொல்வோம். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதும் நின்றுபோவதும் சாப்பாடு போதவில்லை என்பதற்கான உறுதியான எச்சரிக்கை. மற்றவர்கள் மின்விசிறி போடும்போது உங்களுக்கு மட்டும் குளிர்வது, இரவு இரண்டு மணிக்கு முழித்துக்கொள்வது, நாள் முழுவதும் சாப்பாட்டைப் பற்றியே நினைப்பு, கல்யாண வீட்டுக்குப் போகவே பயம் என்பதெல்லாமும் இதில் சேரும். எடை மளமளவென்று குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பும் கூடும். சாப்பிட்ட பின் வலது விலா எலும்புக்குக் கீழே வலிக்கிறதா என்று கவனியுங்கள். சிலருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாமல் கெட்ட கொழுப்பு மட்டும் ஏறியிருக்கும். அது பரிசோதனையில்தான் தெரியும். தொடங்குவதற்கு முன்பு ஒன்றும் மூன்று மாதத்தில் ஒன்றுமாகப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு நாற்பது பக்க நோட்டு

பெட்டிக்கடையில் கிடைக்கும் சின்ன நோட்டு போதும். சாப்பிட்டது என்ன, எத்தனை மணிக்கு, அதற்குப் பிறகு உடம்பு எப்படி இருந்தது, மலம் எப்படிப் போனது, தூக்கம் எப்படி. நாளுக்கு நான்கு வரி, இரண்டு வாரம். ஒரே நேரத்தில் நான்கு மாற்றங்கள் செய்தால் எது ஒத்துவரவில்லை என்று தெரியாது. அதனால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சந்தேகப்படும் உணவை இரண்டு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி சிறிதளவு சாப்பிட்டுப் பார்க்கலாம். அதே தொந்தரவு திரும்ப வந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. உதடு வீங்குவது, தடிப்பு, மூச்சுத் திணறல் போன்ற ஒவ்வாமை ஒருமுறை வந்திருந்தால் மட்டும் இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், வயதானவர்கள் எந்தக் கடும் உணவுமுறையையும் தாமாகத் தொடங்க வேண்டாம்.

மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, நிற்காத வாந்தி, சிறுநீர் வெகுவாகக் குறைவது, குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

அக்காவின் நோட்டைப் பார்த்த மருத்துவர் மாத்திரையைப் பாதியாக்கினார். இரவுக்கு ஒரு கரண்டி சோறும் நிறையக் காயும் என்று மாற்றிக் கொடுத்தார். எடை மெதுவாகத்தான் குறைகிறது, ராத்திரி வேர்ப்பதில்லை. நாளைக் காலையில் நீங்கள் ஒரு புதிய உணவுமுறையைத் தொடங்குவதாக இருந்தால், தயவுசெய்து ஒரு நாள் தள்ளி வையுங்கள். தினமும் போடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் எடுத்துக்கொண்டு போய், இவற்றோடு இதைச் சாப்பிடலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.