சுவர் தானாக இடிவதில்லை

2015 ஜனவரி 31, நள்ளிரவு தாண்டிய நேரம். ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் தொழிற்சாலைகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்குள் புகுந்த சேற்றில், உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

இதை எந்த வாக்கியத்தில் சொல்கிறோம் என்பதுதான் எனக்குப் பிரச்சினை. 'சுவர் இடிந்து பத்துப் பேர் பலி.' இடிந்தது தன்வினை. சுவர் தானாகவே இடிந்துகொள்கிறது. கட்டியவன், நிரப்பியவன், நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் எவனும் இதில் இல்லை. 'பலி' என்றால் கொடுத்தது யார், வாங்கின சாமி எது என்று கேட்கத் தோன்றவேண்டும். தோன்றுவதில்லை. 'அசம்பாவிதம்' இன்னும் மோசம். நடக்கச் சாத்தியமில்லாதது என்று அதற்குப் பொருள்.

சாத்தியம்தான். தேங்கிய சேறு சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். ஆழம் இரண்டு மடங்கானால் சுவரைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் எட்டு மடங்காகிவிடும். சேறோ தண்ணீரைவிடக் கனம். கணக்குப் படிக்காத மேஸ்திரிகூட 'தண்ணி நிக்கிற சுவத்துக்கு அடி அகலமா வேணும்பா' என்பார்.

பாதுகாப்பு பற்றிய நம் சொல்லாடல் முழுக்கத் தொழிலாளியின் கவனத்தைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. தலைக்கவசம் போடு, பாத்து வேலை செய். தூங்குகிறவன் எதைப் பார்ப்பான்? வேலையிடமே படுக்கையிடமாகிவிட்டவனுக்கு எந்தத் தலைக்கவசம்? 2014 ஜூன் 28இல் மவுலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் செத்தபோதும் இதே கேள்விதான். 'எல்லாம் விதி' என்கிறோம். தமிழில் சட்டத்துக்கும் அதே சொல் என்பது வேடிக்கை.

1996இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்றது. கட்டிடத் தொழிலாளர் சட்டம் வந்ததும் அதே 1996இல்தான். இரண்டும் சந்தித்துக்கொள்ளவில்லை. ஒன்று ஆற்றின் விவகாரம், மற்றது கூலியாளின் விவகாரம். ஆனால் நீரைச் சுத்தம் செய்தால் சேறு மிஞ்சும். சேற்றுக்குத் தொட்டி வேண்டும். தொட்டிக்குப் பக்கத்தில் யாரோ படுத்திருப்பார்கள். சூழலியல் கட்டுரைகளில் பாலாறு வருகிறது, தென்னை வருகிறது, இவர் வருவதில்லை.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இதன் சின்ன வடிவம், தோல் கழிவுத் தொட்டி. முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடு அமிலத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. முதலில் இறங்கியவர் விழ, தூக்க இறங்கியவரும் விழுகிறார். மறுநாள் 'விஷவாயு தாக்கி' என்று செய்தி. இந்த வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது, வாயு. இறங்கச் சொன்ன ஆள் எங்கே?