குழலுக்குள் குழல்

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்

காரைக்குடிக்கும் வங்கித் தொழிலுக்கும் உள்ள உறவு பழமையானது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கப்பெற்றது. வங்கி வாசலிலும், பணம் ஏற்றிவரும் வண்டியிலும் நிற்கும் காவலரின் தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி தொங்குவதை நாம் கண்டிருக்கிறோம். பாட்டனார் காலத்தில் வாங்கி, வாரிசு முறையில் உரிமம் பெற்று வைத்திருக்கும் அத்தகைய துப்பாக்கிகள் சில வீடுகளிலும் உண்டு.

இவ்வாறான பழந்துப்பாக்கி பெரிய தோட்டாவைத் தாங்குமோ தாங்காதோ என்ற ஐயம் எழுவது இயல்பே. குழலுக்குள் இன்னொரு சிறு குழாயைச் செருகி, சிறிய தோட்டாவைப் போட்டால் ஆபத்து நீங்கிவிடுமா? வகுப்பறையில் நாம் படிக்கும் இயற்பியலைக் கொண்டே இக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

எண் சொல்லும் செய்தி

'பன்னிரண்டு போர்' என்று வழங்கும் பெயரில் உள்ள 'போர்' சண்டையைக் குறிப்பதன்று. குழலின் உள்துளையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதே இதன் பொருள். ஒரு பவுண்டு 453.6 கிராம். பன்னிரண்டால் வகுத்தால் ஒரு குண்டின் எடை 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். கணக்கிட்டால் விட்டம் 18.5 மில்லிமீட்டர் என வருகிறது. இதனால்தான் எண் கூடக்கூடத் துளை சிறுக்கிறது: 16 போர் 16.8 மி.மீ., 20 போர் 15.6 மி.மீ., 28 போர் 14 மி.மீ. நானூற்றுப் பத்து எனப்படும் .410 மட்டும் இக்கணக்கில் சேராது. அது அங்குலத்தில் சொல்லப்படும் விட்டம், 10.4 மி.மீ. ஆகும்.

செருகு குழாயின் இரு வகைகள்

அமெரிக்காவில் 'ஸ்கீட்' எனும் தட்டு சுடும் பந்தயம் 12, 20, 28, .410 ஆகிய நான்கு அளவுகளில் நடைபெறும். நான்கு துப்பாக்கிகளைச் சுமப்பதற்குப் பதிலாக ஒரே 12 போர் துப்பாக்கியில் குழாய்களை மாற்றி மாற்றிச் செருகிச் சுடும் வழக்கம் அங்கு வேரூன்றியது. ஹூஸ்டன் நகரின் பிரைலி நிறுவனம் இவ்வகைக் குழாய்களுக்குப் பெயர் பெற்றது.

ஒரு வகை, குழலின் முழு நீளத்துக்கும் செல்வது. இதில் தோட்டாவின் அழுத்தத்தை முதலில் ஏற்பது செருகிய குழாயே. மற்றொரு வகை சில அங்குல நீளமே உள்ளது. தோட்டா அமரும் அறையில் மட்டும் பொருந்தும். இதில் ரவையும் வாயுவும் குட்டைக் குழாயைக் கடந்ததும் பழைய குழலுக்குள்தான் பாய்கின்றன.

கிடைக்கும் நன்மை

நன்மை இல்லாமல் இல்லை. 12 போர் தோட்டா ஒன்றில் பொதுவாக 32 கிராம் அளவுக்கு ஈய ரவை இருக்கும். 28 போரில் 21 கிராம், இரண்டரை அங்குல.410 தோட்டாவில் 14 கிராம். உந்த அழிவின்மை விதிப்படி, வெளியேறும் எடை குறைந்தால் பின்னுதைப்பும் குறையும். குழாய்களின் எடை துப்பாக்கியோடு சேர்வதால் தோளில் படும் உதை மேலும் தணியும்.

துப்பாக்கியின் பூட்டின் மீது விழும் விசையும் குறைகிறது. விசை என்பது அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கியது. .410 துளையின் பரப்பு 12 போர் துளையின் பரப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே.

கவனிக்க வேண்டியவை

'சிறிய தோட்டா, சிறிய அழுத்தம்' என்று எண்ணுவோர் பலர். உண்மை இதற்கு மாறானது. அமெரிக்கத் தர அளவின்படி, சாதாரண 12 போர் தோட்டாவின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. 20 போருக்கு 12,000. 28 போருக்கும் இரண்டரை அங்குல.410க்கும் 12,500. தோட்டா சிறுத்தாலும் அழுத்தம் கூடவே செய்கிறது!

அடுத்தது குழாய்ச் சுவரின் தடிப்பு. பழைய குழல்களின் முனை பெரும்பாலும் 'சோக்' எனும் குறுக்கம் உடையது. முழுக் குறுக்கத்தில் 18.5 மி.மீ. துளை, முனையில் சுமார் 17.5 மி.மீ. ஆகிவிடும். அதற்குள் நுழைந்து வெளிவர வேண்டிய குழாயின் வெளிவிட்டமும் அவ்வளவே இருக்க முடியும். எனவே 20 போர் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு; .410 குழாயின் சுவரோ மூன்றரை மில்லிமீட்டர். இரண்டும் செருகு குழாய்களே ஆயினும் வலிமையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு!

மூன்றாவது, பழைய குழலின் உலோகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லீஜ், பர்மிங்ஹாம் முதலிய ஊர்களில் இரும்புப் பட்டைகளையும் எஃகுப் பட்டைகளையும் முறுக்கிச் சுற்றி, அடித்து ஒட்டவைத்துச் செய்த 'தமாஸ்கஸ்' குழல்கள் பெருகின. பார்வைக்குப் பட்டுச்சேலையின் நெளிவுபோல் அழகாக இருக்கும். அவை கரிமருந்துக் காலத்துப் பொருள்கள். 1884இல் பிரான்சு நாட்டின் போல் வியேல் புகையில்லா மருந்தை உருவாக்கிய பின்னர் நிலைமை மாறிவிட்டது. அத்தகைய குழலில் குட்டைக் குழாயை நம்பி இக்காலத் தோட்டாவை வெடிப்பது, பழைய மொந்தையில் புதிய கள்ளை ஊற்றிப் பொங்கவிடுவது போன்றதே.

இங்கிலாந்துத் துப்பாக்கியாயின் குழலின் அடிப்பகுதியில் சோதனைச் சாலை முத்திரை இருக்கும். பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813இல் ஏற்பட்டது. புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டதா, தோட்டா அறையின் நீளம் இரண்டரை அங்குலமா இரண்டே முக்காலா என்பதை முத்திரைகளைக் கொண்டு அறியலாம். இரு குழல்களையும் கழற்றித் தொங்கவிட்டு மெல்லத் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது போல. ஒலி மங்கினால் குழல்களை இணைக்கும் பற்றவைப்பு விட்டுப்போயிருக்கலாம். மணி ஒலித்தாலும் இணைப்பு நன்று என்பதே பொருள். உலோகம் வலிமையானது என்பதன்று.

மஞ்சள் தோட்டாவின் எச்சரிக்கை

20 போர் தோட்டாவை 12 போர் குழலில் தவறிப் போட்டால் அது அறையில் நிற்காமல் வழுக்கிச் சென்று உள்ளே சிக்கிக்கொள்ளும். குழல் வெறுமையாகத் தோன்றும். பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கை போய்விடும். இதனைத் தடுக்கவே 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் தரும் மரபு ஏற்பட்டது. செருகு குழாய் வைத்திருப்பவரிடம் இரு வகைத் தோட்டாக்களும் இருக்கும். குழாயைக் கழற்றிய நாளில்தான் இந்த ஆபத்து மிகுதி.

நம் ஊரின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் ஆராயும் துருவும் இங்கே வந்து சேர்கிறது. அலுமினியக் குழாயை எஃகுக் குழலுக்குள் செருகி அப்படியே விட்டுவைத்தால், இடையில் தேங்கும் ஈரம் இரு உலோகங்களுக்கும் இடையே சிறு மின்கலம் போலாகி அரிப்பை உண்டாக்கும். ஆகவே பயன்படுத்தியதும் கழற்றித் துடைத்து எண்ணெய் பூசுதல் இன்றியமையாதது.

சட்டமும் லேத் பட்டறையும்

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியை மாற்றியமைப்பதற்கும் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. ஒன்றையே பலவாக்கும் ஆசை இதனால் எழலாம். கிடைத்த இரும்புக் குழாயை லேத் பட்டறையில் கடைசல் பிடித்துச் செருகலாம் என்று எவரேனும் சொன்னால் அதற்குச் செவி சாய்க்கலாகாது. அது சட்டத்துக்கும் பகை, உயிருக்கும் பகை. உரிமத்தில் எழுதப்பட்ட அளவுக்கு மாறான தோட்டாவைப் பயன்படுத்தக் கருதுவோர், முதலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுத் தெளிவதே முறை.

முடிவுரை

நல்ல நிலையிலுள்ள துப்பாக்கிக்கு, அளந்து செய்த முழுநீளக் குழாய் உதையைக் குறைக்கும். சிறிய தோட்டாவுக்கு இடம் தரும். நலிந்த துப்பாக்கிக்கு அது மருந்தாகாது. ஆகவே மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் பாட்டனார் துப்பாக்கி இருக்குமாயின், குழாயைத் தேடுமுன் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடம் காட்டி அதன் சுவரையும் பூட்டையும் அளக்கச் சொல்லுங்கள். சுடத்தகாதது என்று அவர் சொன்னால் அதனை ஏற்றுக்கொள்வதே அறிவுடைமை. பாட்டனாரின் பெருமை துப்பாக்கி வெடிப்பதில் இல்லை. பேரன் கை நலமாக இருப்பதில்தான் இருக்கிறது.