பத்தாம் வகுப்போடு நின்றுபோகும் பிள்ளைகள்: சட்டம் தருவது என்ன, நாம் செய்ய வேண்டியது என்ன?

பள்ளியை விட்டு நிற்கும் பிள்ளை பெரும்பாலும் யாரிடமும் சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு முடிகிறது. "வீட்டில் சும்மாதானே இருக்கான்" என்று ஒரு மாத வேலைக்கு அனுப்புகிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது, இந்த மாதச் சம்பளமும் வந்துவிடட்டும் என்று தோன்றுகிறது. ஜூலையில், இனிப் போனால் பாடம் புரியாது என்று பிள்ளையே சொல்லிவிடுகிறான். அம்பத்தூர் தொழிற்பேட்டை, திருமழிசை சிட்கோ, அவற்றைச் சுற்றி முளைத்த லேத் பட்டறைகள், கிடங்குகள் என்று வேலை வாசலிலேயே கிடைக்கும் வட்டாரம் இது. அதனால் இங்கே அந்த ஒரு மாதம் மிக எளிதாக ஒரு வருடமாகிவிடுகிறது. மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படுவதில் பாதி அளவாவது, தேர்வுக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவில் இருக்கும் இந்த இரண்டு மாதங்களைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, இலவசக் கட்டாயக் கல்வி பிள்ளையின் உரிமை என்கிறது அது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒன்பதாம் வகுப்பில் பாடம் கனக்கிறது, பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு வருகிறது, பிள்ளையின் கைக்கும் சம்பளம் கிடைக்கும் வயது வந்துவிடுகிறது. மூன்றும் சேர்ந்து இழுக்கும் நேரத்தில் சட்டம் பிடித்திருந்த கையை விட்டுவிடுகிறது. 2025 மே மாதம் வெளியான தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு முடிவில் 8,71,239 பேர் தேர்வு எழுதி 8,17,261 பேர் தேர்ச்சி பெற்றார்கள். 93.80 சதவீதம் என்று பெருமையோடு சொல்கிறோம்; மீதமுள்ளவர்கள் 53,978 பிள்ளைகள். மாணவிகளில் தேர்ச்சி 95.88 சதவீதம், மாணவர்களில் 91.74. கணக்கிட்டுப் பார்த்தால், தவறியவர்களின் விகிதம் பையன்களிடம் இரு மடங்கு. வேலை முதலில் இழுப்பதும் பையன்களைத்தான் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மட்டும் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இலவசக் கல்வி உரிமையை 18 வயது வரை தருகிறது. பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளி இயங்கும் இந்த வட்டாரத்துக்கு அது புதிய செய்தி அல்ல. ஒரு பிரிவினருக்கு 18 வயது வரை தேவை என்று ஒப்புக்கொண்ட பிறகு, மற்றப் பிள்ளைகளுக்கு 14 போதும் என்பதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

சட்டம் 14 வயதோடு நின்றாலும் வழிகள் அடைபடவில்லை. பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு ஜூலையிலேயே துணைத்தேர்வு நடக்கிறது. தவறிய பாடத்தை மட்டும் எழுதி, தேர்ச்சி பெற்றால் அந்த ஆண்டே பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். விண்ணப்பத்துக்கான நாட்கள் மிகக் குறைவு என்பதால், முடிவு வந்த வாரத்திலேயே படித்த பள்ளிக்குப் போய்க் கேட்டுவிட வேண்டும். இரண்டு வாரம் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்தால் ஒரு வருடம் போய்விடும். ஏட்டுப் படிப்பு வேண்டாம், கைத்தொழில்தான் பிடிக்கிறது என்னும் பிள்ளைக்கு அம்பத்தூரிலேயே அரசுத் தொழிற்பயிற்சி நிலையம் (ஐடிஐ) இருக்கிறது. சில பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். ஐடிஐ முடித்தவர்கள் மொழிப்பாடத் தேர்வுகளை எழுதி, பத்தாம் வகுப்புக்கோ பன்னிரண்டாம் வகுப்புக்கோ இணையான சான்றும் பெற முடியும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேரும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 முதலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

விடுமுறை வேலையைப் பற்றிச் சட்டம் சொல்வது பலருக்கும் தெரிவதில்லை. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, 14 வயது நிரம்பாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில், பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ உதவலாம் என்ற விலக்கு உண்டு. அப்பாவின் மளிகைக் கடையில் உட்காரலாம். பக்கத்துத் தெருப் பட்டறைக்கு அனுப்ப முடியாது. 14 முதல் 18 வயது வரையுள்ளவரை ஆபத்தான தொழில்களில் சேர்க்கவே கூடாது. மற்ற வேலைகளில் இடைவேளையையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரம்தான், இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது, ஓவர்டைம் கிடையாது, வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும். வயதுத் தடையை மீறி வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோரை முதல் முறையே தண்டிப்பது சட்டத்தின் நோக்கமில்லை. புகார் கொடுத்தால் அம்மா அப்பாவுக்குச் சிக்கல் வருமோ என்று அக்கம்பக்கத்தார் தயங்குவதுண்டு. அந்தத் தயக்கம் தேவையில்லை.

பிள்ளை நின்றுபோவதற்கு இன்னொரு காரணம் மாற்றுச் சான்றிதழ் (டிசி). கட்டணப் பாக்கியைக் காட்டி டிசி தர மறுத்தால், வேறு பள்ளி சேர்க்காது என்று பெற்றோர் சோர்ந்துவிடுகிறார்கள். எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாற, டிசி தாமதமாவது தடையே இல்லை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு வேலை தேடி வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் மிக முக்கியம். டிசி பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் தெளிவாகவே சொன்னது.

"வயிற்றுப்பாட்டுக்கு வழி சொல்லாமல் படிப்பைப் பற்றிப் பேசுகிறீர்களே" என்ற கேள்வி நியாயமானது. வாடகை, கடன், அப்பாவின் உடல்நலம் இவற்றையெல்லாம் சட்டப் பிரிவுகள் தீர்த்துவிடாது. ஆனால் 15 வயதில் பயிற்சியோ சான்றோ இல்லாமல் நுழைபவர் உதவியாளாகத்தான் நுழைகிறார்; பத்து வருடம் கழித்தும் ஒப்பந்தக் கூலியில் நிற்கும் வாய்ப்பே அவருக்கு அதிகம். அதே தொழிற்பேட்டைக்கு ஐடிஐ சான்றோடு போகிறவர் ஃபிட்டராக, வெல்டராக, எலக்ட்ரீஷியனாகப் போகிறார். குடும்பக் கஷ்டம் உண்மை என்பதாலேயே, அதைப் பிள்ளையின் தலைமுறைக்கும் நீட்டாத வழியைத் தேட வேண்டியிருக்கிறது. "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்பது இன்னொரு பதில். ஒன்பதாம் வகுப்பில் தடுமாறும் பிள்ளை பல நேரம் ஐந்தாம் வகுப்பிலேயே வாசிக்கத் திணறியவர். அவருக்கு அப்போதே தனிக் கவனம் கொடுக்காதது பெரியவர்களின் தவறு. அந்தத் தவறுக்காக அவரை வேலைக்கு அனுப்புவது நியாயமாகாது.

ஜூன் இரண்டாவது வாரத்துக்குள், உங்கள் தெருவில் போன வருடம் சீருடை போட்டுப் போன பிள்ளைகள் இந்த வருடமும் போகிறார்களா என்று பாருங்கள். போகாத பிள்ளையின் வீட்டில் விசாரியுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் சொல்லுங்கள். வேலையில் இருப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. மனு கொடுப்பதானால், அம்பத்தூர் வட்டம் சென்னை மாவட்ட ஆட்சியரிடமும், ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் ஆட்சியரிடமும் வருகின்றன.