குழந்தையின் உறக்கமும் மலக்கட்டுப்பாடும்

நான்கு வயது கடந்த குழந்தை தன்னையறியாமல் ஆடையில் மலங்கழித்துவிடுவது, பல இல்லங்களில் வெளியே சொல்லப்படாத துயரமாகும். சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் கருதி அடிப்போர் உளர். அது பெருந்தவறு என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இக்குறைக்குப் பெரும்பாலும் காரணம் நாட்பட்ட மலச்சிக்கலே. ஒருமுறை வலி கண்ட குழந்தை மலத்தை அடக்குகிறது. அடக்கிய மலம் இறுகித் தேங்க, மலக்குடல் விரிந்து உணர்ச்சி மழுங்குகிறது. இளகிய மலம் அதைச் சுற்றிக் கசிகிறது. குழந்தை அதனை உணர்வதேயில்லை.

இக்குழந்தைகளிடம் உறக்கக் குறைவும் காணப்படுவதுண்டு. நிறைந்த குடல் மூத்திரப்பையை அழுத்துவதால் படுக்கை நனையலாம். வயிற்றுவலியும் அச்சமும் உறக்கத்தைக் கலைக்கலாம். இரவு உறங்காத குழந்தை காலையில் தாமதமாக எழுகிறது. பள்ளிக்கு விரையும் அவசரத்தில் மலங்கழிக்க அமர நேரமின்றி மீண்டும் அடக்குகிறது. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

ஆகவே இரண்டையும் சேர்த்தே கவனித்தல் வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயதினர்க்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. உணவருந்தியபின் 5 முதல் 10 நிமிடம், பாதங்கள் ஊன்றுமாறு அமரச் செய்க. மலமிளக்கும் மருந்தை வைத்தியர் சொற்படி, தேவையானால் மாதக்கணக்கில் தருக, இடையில் நிறுத்தற்க. உறக்கத்திலேயே மலங்கழிதல், இரத்தம், கால் தளர்ச்சி, எடைக்குறைவு ஆகியவை தோன்றின் உடனே மருத்துவமனையை நாடுக.

பிரம்பு இந்நோய்க்கு மருந்தன்று. பெற்றோரின் பொறுமையே முதல் மருந்து.