பொறியியல் முடித்தவர் வானியற்பியலுக்குப் போகலாமா?

கணினியோ மின்னணுவியலோ படித்து, வேலையிலும் சேர்ந்துவிட்டீர்கள். ஆனாலும் வானியற்பியல் (விண்பொருள்களை இயற்பியல் விதிகளைக் கொண்டு ஆராயும் துறை) படிக்கும் ஆசை விடவில்லை. இனிமேல் முடியுமா? முடியும். இந்தியாவில் அதற்கு வழிகள் உண்டு. ஆனால் தயாரிப்பை எங்கே தொடங்குவது என்பதில்தான் பலரும் தடம் மாறுகிறார்கள்.

தொலைநோக்கி வாங்கிவிடலாமா? ஆசைக்கு வாங்குங்கள். நுழைவுத் தேர்வுக்கு அது உதவாது. விண்மீன் கூட்டங்களை வானத்தில் அடையாளம் காட்டத் தடுமாறும் ஆய்வாளர்கள் உண்டு. இயற்பியல் தெரியாத ஆய்வாளர் கிடையாது. நீங்கள் படிக்க வேண்டியது முதலில் இயற்பியல்தான்.

அப்படியானால் எல்லாவற்றையும் அடியிலிருந்து படிக்க வேண்டுமா? தேவையில்லை. நுண்கணிதம், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் எல்லாம் உங்கள் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே வந்துபோயிருக்கும். தூசி தட்டினால் போதும். மின்னணுவியல் படித்தவருக்கு மின்காந்தவியலும் இயந்திரவியல் படித்தவருக்கு வெப்ப இயக்கவியலும் ஏற்கெனவே பழக்கம். பெரும்பாலோருக்குப் புதிதாக இருப்பவை இரண்டு: குவாண்டம் இயக்கவியல் (அணு அளவில் பொருள்கள் நடந்துகொள்ளும் விதம்), புள்ளியியல் இயக்கவியல் (கோடானுகோடித் துகள்களின் மொத்த நடத்தையைக் கணக்கிடும் முறை).

விண்மீனைப் படிக்க அணுவின் கதை எதற்கு? சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த எஸ். சந்திரசேகர் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எரிபொருள் தீர்ந்த ஒரு விண்மீன் தன் எடையாலேயே நொறுங்காமல் நிற்பது எப்படி? நெருக்கப்பட்ட எலக்ட்ரான்கள் எதிர்த்துத் தள்ளுகின்றன. அந்த அழுத்தம் குவாண்டம் விதியிலிருந்து வருகிறது. அதைக் கணக்கிடப் புள்ளியியல் இயக்கவியல் வேண்டும். எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குவதால் சார்பியலும் வேண்டும். மூன்றையும் சேர்த்தால்தான், இப்படி நிற்கும் விண்மீனான வெண்குறுமீனின் நிறை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கைத் தாண்ட முடியாது என்ற விடை கிடைக்கிறது. இந்த ஒரு கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டால், பாதித் தயாரிப்பு முடிந்தது என்பேன்.

எந்தப் புத்தகம்? குவாண்டத்துக்கு டேவிட் கிரிஃபித்ஸ். அதன் பிறகு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியராக இருந்த அர்னாப் ராய் சௌதுரி, இயற்பியல் மாணவர்களுக்காகவே எழுதிய வானியற்பியல் நூல். யூடியூபில் கருந்துளை விளக்கம் பார்ப்பது படிப்பாகாது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் உள்ள கணக்குகளைப் பேனா பிடித்துப் போடுவதுதான் படிப்பு.

எந்தத் தேர்வு எழுதுவது? முதுநிலை அறிவியலில் சேர ஜாம். அதற்கு வயது வரம்பில்லை. முனைவர் பட்டத்துக்கும் ஒருங்கிணைந்த படிப்புகளுக்கும் ஜெஸ்ட். புனேயில் உள்ள வானியல் ஆய்வு மையமான ஐயூகாவில் சேரத் தனி நுழைவுத் தேர்வும் உண்டு. பி.இ., பி.டெக். படித்தவர்களையும் சில நிறுவனங்கள் ஆய்வுப் படிப்புக்கு ஏற்கின்றன. வேறு சில, பட்டப்படிப்பில் இயற்பியல் எத்தனை பருவம் படித்தீர்கள் என்று பார்க்கும். விதிகள் ஆண்டுக்காண்டு மாறும் என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை நேரடியாகப் படியுங்கள். பயிற்சி மையம் சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

வீட்டில் கேட்கும் முதல் கேள்வி பணம்தானே? முனைவர் பட்டக் காலத்தில் உதவித்தொகை உண்டு. இளநிலை ஆய்வாளருக்கு மத்திய அரசு அதை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாயாக உயர்த்தியது. மென்பொருள் சம்பளத்தோடு ஒப்பிட்டால் பலருக்கு அது இறக்கம்தான். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள், பிறகு வெளிநாட்டில் தற்காலிக ஆய்வுப் பணி, நிரந்தர வேலைக்குக் கடும் போட்டி. வீட்டுக்கடன் இருப்பவர் இதை எண்ணிப் பார்க்காமல் வேலையை விட்டுவிடக் கூடாது.

அப்படியானால் படித்த பொறியியல் வீண்தானா? இல்லவே இல்லை. ஊட்டியில் 1970இல் இயங்கத் தொடங்கிய 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியைப் பாருங்கள். அந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை. அதே அளவு சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து அதில் கட்டினார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், ஒரு விண்பொருளைப் பல மணி நேரம் பின்தொடரலாம். இயற்பியலும் பொறியியலும் கைகோத்த வேலை அது. அமெரிக்காவில் 1937இல் வீட்டுக் கொல்லையில் ரேடியோ தொலைநோக்கி கட்டிய குரோட் ரீபரும் ரேடியோ பொறியாளர்தான். இன்றைக்கு நிரல் எழுதத் தெரிந்தவருக்கும், சமிக்ஞைகளைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவருக்கும் பல ஆய்வுக் குழுக்களில் தேவை இருக்கிறது.

பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படிக்காதவர்களுக்கு? அவர்கள் அடித்தளத்திலிருந்தே தொடங்க வேண்டும். சுற்றுவழி எதுவும் இல்லை.

வேலையை விடாமலே இதைச் சோதித்துப் பார்க்க முடியும். ஐரோப்பாவின் கையா விண்கலம் அளந்த நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் தரவு இணையத்தில் இலவசம். பைத்தான் தெரியுமென்றால், ஒரு விண்மீன் கொத்தின் நிறத்தையும் பிரகாசத்தையும் வரைபடமாகப் போட்டு, அந்த வடிவம் ஏன் வருகிறது என்று விளக்க முயலுங்கள். அதோடு ஜெஸ்ட் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, வரும் ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் வைத்து எழுதுங்கள். மதிப்பெண் குறைந்தால் கவலைப்படாதீர்கள். எந்தப் பகுதியில் குறைந்தது என்று மட்டும் குறித்துக்கொண்டு, அங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள்.