ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் மிதிவண்டிப் பயணம்

இமாசலப் பிரதேசத்தின் வடகிழக்கில், திபெத்திய எல்லையை ஒட்டி அமைந்துள்ளது ஸ்பிதிப் பள்ளத்தாக்கு. அப்பெயருக்கு ‘இடைப்பட்ட நிலம்’ என்று பொருள் கூறுவர். பாலை என்றவுடன் வெயில் காயும் மணல்வெளியே நம் மனத்தில் தோன்றும், ஸ்பிதியோ குளிர்ப்பாலை. தெற்கிலுள்ள உயர்ந்த மலைத்தொடர்கள் பருவமழை மேகங்களைத் தடுத்துவிடுவதால் இங்கு மழை மிகக் குறைவு. மரங்களற்ற மலைகள் செம்மண், சாம்பல், ஊதா எனப் பல நிறங்களில் நிற்கின்றன. அவற்றின் அடியில் ஸ்பிதி ஆறு பல கிளைகளாகப் பிரிந்தும் கூடியும் ஓடிச் சட்லெஜ் ஆற்றில் கலக்கிறது. இந்த ஆற்றை ஒட்டிய சாலையில் மலை மிதிவண்டியில் செல்வதற்கு இளைஞர் பலர் கோடைக்காலத்தில் வருகின்றனர்.

வந்தவுடன் வண்டியில் ஏறிவிடுதல் கூடாது. தலைமையிடமான காஸா ஊர் ஏறத்தாழ 3,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைகிறது. உடல் அதற்குப் பழக ஓரிரு நாள்களேனும் வேண்டும். தலைவலி, குமட்டல், பசியின்மை ஆகியவை மலைநோயின் அறிகுறிகள். அவற்றை மறைத்துக்கொண்டு மேலே ஏறுவது வீரம் அன்று. உயிருக்கே கேடாக முடியலாம். அறிகுறிகள் மிகுந்தால் தாழ்வான இடத்திற்கு இறங்குவதே முதல் மருத்துவம். மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாக வருவோர் விரைவாக உயரம் ஏறிவிடுகின்றனர். சிம்லா, கின்னௌர் வழி நீண்டதாயினும் படிப்படியாக உயர்வதால் உடலுக்கு ஏற்றது.

காஸாவிலிருந்து தாபோ ஏறத்தாழ 47 கிலோமீட்டர். பெரும்பாலும் இறக்கமான இத்தொலைவை ஒரே நாளில் கடந்துவிடலாம். எனினும் இரண்டு நாள்களாகப் பிரித்துக்கொள்வதே நன்று. அதற்குக் காற்றும் ஒரு காரணம். வெயில் ஏற ஏற மலைச்சரிவுகள் சூடாகி, அவற்றை ஒட்டிய காற்று மேலெழுகிறது. அவ்விடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று பள்ளத்தாக்கின் வழியே மேல்நோக்கி வீசுகிறது. பிற்பகலில் தாபோவை நோக்கிச் செல்பவருக்கு அது எதிர்காற்று. இறக்கத்திலும் மிதிக்க வேண்டிய வேடிக்கை அப்போது நேரும்! எனவே விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் நிறுத்திக்கொள்வர். பனியுருகி வரும் ஓடைகளிலும் காலையில்தான் நீர் குறைவாக இருக்கும்.

முதல் நாள் தன்கர் என்னும் சிற்றூரில் தங்கலாம். ஸ்பிதியின் பழைய தலைநகரான அவ்வூர், பின் ஆறு ஸ்பிதியுடன் கலக்கும் இடத்திற்கு மேலே, செங்குத்தான பாறை விளிம்பில் அமைந்துள்ளது. ஆற்றோரச் சாலையை விட்டு வளைந்து வளைந்து ஏறும்போது கியரின் பயன் விளங்கும். முன்பற்சக்கரத்தில் 32 பற்களும் பின்பற்சக்கரத்தில் 16 பற்களும் இருந்தால், மிதியை ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் இருமுறை சுழலும். சங்கிலியைப் பின்னால் 32 பற்கள் கொண்ட சக்கரத்திற்கு மாற்றினால் ஒருமுறைதான் சுழலும். வண்டி பாதித் தொலைவே நகரும். ஆனால் காலுக்கு வேண்டிய விசையும் பாதியாகிவிடும். வழியில் பச்சைப் பட்டாணியும் பார்லியும் விளையும் வயல்கள் தென்படும். மூச்சு வாங்கும் இடங்களிலெல்லாம் இறங்கி அவற்றைப் பார்க்கலாம், எவரும் நகைக்கமாட்டார்.

மறுநாள் இறக்கத்தில் கவனம் வேறு. தளர்ந்த சரளைக்கற்களின்மேல் முன்பிரேக்கை மட்டும் அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கும். வண்டியோட்டி தூக்கி எறியப்படவும் கூடும். உடலின் எடையைச் சற்றுப் பின்னே வைத்து, இரு பிரேக்குகளையும் விட்டுவிட்டு அழுத்துதல் வேண்டும். அகன்ற, முண்டுமுண்டான டயர்கள் கற்களைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. மலைச்சரிவிலிருந்து கற்கள் உருளும் பகுதிகளில் மட்டும் நிற்காமல் கடந்துவிட வேண்டும்.

நண்பகலுக்குமுன் தாபோ வந்துவிடும். 996ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பௌத்த மடம் அங்குள்ளது. மண்ணால் எழுப்பிய அதன் கோயில்கள் இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்ததற்கு, மழை குறைந்த இந்நிலத்தின் இயல்பும் துணைசெய்தது. உள்ளே ஒளி மிகக் குறைவு. வெயிலில் வந்த கண்கள் பழகும்வரை இருளே தெரியும். பின்னர்ச் சுவரோவியங்கள் ஒவ்வொன்றாகத் துலங்கத் தொடங்கும்.