காணாத பொருளும் கைமாறும் பணமும்: இணைய ஏலத்தில் வாங்குபவருக்கு உள்ள பாதுகாப்பு

 

கடல் கடந்த வாணிபத்தால் பெயர் பெற்ற ஊர் கீழக்கரை. பதினேழாம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதி மரக்காயர் வாழ்ந்து, கப்பல் வாணிபம் செய்த துறைமுகம் இது. அன்று வணிகர்கள் முத்தையும் சங்கையும் கையில் எடுத்துப் பார்த்து, ஆளின் முகத்தையும் பார்த்து, அதன் பின்னரே விலை பேசினார்கள். இன்றோ வளைகுடா நாடுகளிலிருந்தும் தூர கிழக்கு நாடுகளிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பும் பணத்தைக் கொண்டு, வீட்டிலிருக்கும் தாய்மார்கள் கைப்பேசித் திரையைத் தொட்டே பொருள் வாங்குகிறார்கள். பொருளையும் பார்ப்பதில்லை; விற்பவரையும் பார்ப்பதில்லை. பணம் மட்டும் ஒரு நொடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அவ்வாறு அனுப்பிய பணத்திற்குப் பொருள் வராமல் போனால், அல்லது வந்த பொருள் சொன்னபடி இல்லாமல் இருந்தால், யாரிடம் போய்க் கேட்பது? அதற்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது? அந்தப் பாதுகாப்பு எந்த இடத்தில் முடிந்துபோகிறது? இவற்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்துகொள்வது அவசியமாகும்.

ஏலம் நமக்குப் புதிதல்ல

விலையைக் கூட்டிக் கேட்பவருக்குப் பொருளை விற்பது மார்க்கத்தில் அனுமதிக்கப்பட்டதே. வறுமையில் வாடிய அன்சாரித் தோழர் ஒருவரின் வீட்டிலிருந்த துணியையும் பாத்திரத்தையும் நபி (ஸல்) அவர்களே ஏலம் கூறினார்கள் என்றும், ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகக் கூற, கூடுதலாகத் தருபவர் உண்டா என்று வினவி, இரண்டு திர்ஹம் தந்தவருக்கு விற்றார்கள் என்றும் அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் அறிவிக்கப்பட்டுள்ளது.

மன்னார் வளைகுடாவிலும் ஏலத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. இலங்கைக் கரையில் நடந்த முத்துக்குளிப்புகளில் கீழக்கரையைச் சேர்ந்த முஸ்லிம் குளியாட்களும் கடலில் இறங்கியவர்களே. அங்கே அரசின் பங்காக வந்த சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக, பிளக்காமலேயே, அன்றாடம் ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்குமா இருக்காதா என்பது விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. அத்தகைய வியாபாரத்தை மார்க்கச் சட்டம் எவ்வாறு மதிப்பிடுகிறது என்பது தனி விஷயம். அறியாமை இருதரப்புக்கும் சமமாக இருந்தது என்பதையே இங்கே கவனிக்க வேண்டும். இணைய ஏலத்தில் இந்தச் சமநிலை இல்லை. விற்பவருக்குப் பொருளின் குறை தெரியும்; வாங்குபவருக்குத் தெரிவது ஒரு படமும் நான்கு வரி வர்ணனையும்தான். மோசடி நுழையும் வாசல் இதுவே.

இணைய ஏலத்தின் தொடக்கமும் மோசடியும்

1995ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்பவர் தொடங்கிய ஏலத் தளமே பின்னாளில் ஈபே என்று உலகெங்கும் அறியப்பட்டது. அதில் முதலில் விற்ற பொருளாகக் கூறப்படுவது ஒளி வீசும் ஒரு லேசர் கருவி. அது பழுதுபட்டிருந்தது. விலையோ 14.83 டாலர்! பழுதானது என்பது தெரியுமா என்று ஒமிட்யார் கேட்டபோது, பழுதான லேசர் கருவிகளைச் சேகரிப்பதே தம் வழக்கம் என்று வாங்கியவர் பதில் கூறினாராம். குறையைச் சொல்லி விற்றார். குறையை அறிந்தே வாங்கினார். இருவர் மனமும் பொருந்திய வியாபாரம் அது.

எல்லோரும் அவ்வாறு நடக்கவில்லை. 2000ஆம் ஆண்டு மே மாதம் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர், ஓவியங்களைப் பற்றி ஒன்றும் அறியாதவர்போல் நடித்து, பழைய ஓவியம் ஒன்றை 25 சென்டில் தொடங்கி அதே தளத்தில் ஏலத்திற்கு வைத்தார். புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் பெயரின் முதலெழுத்துகள் அதில் போலியாக இடப்பட்டிருந்தன. ஏலம் 1,35,805 டாலர் வரை ஏறியது. அவரும் அவருடைய கூட்டாளிகளும் வேறு வேறு பெயர்களில் நுழைந்து, தங்கள் பொருள்களுக்குத் தாங்களே விலை கேட்டு ஏற்றிவந்தது பின்னர் வெளிப்பட்டது. ஈபே அந்த விற்பனையை ரத்து செய்தது. அவரோ நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

வாங்கும் எண்ணம் இல்லாமல், பிறரை ஏமாற்றுவதற்காக விலையை ஏற்றிக் கேட்பதற்கு மார்க்கத்தில் ‘நஜ்ஷ்’ என்று பெயர். இதை நபி (ஸல்) அவர்கள் தடை செய்தது புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் சந்தையில் தடுக்கப்பட்ட அதே தந்திரம் கணினித் திரையில் மீண்டும் தலைகாட்டியதை எண்ணிப் பாருங்கள்!

பணத்தை வாங்கிக்கொண்டு பொருளை அனுப்பாமல் மறைந்துபோவது இதைவிடப் பரவலான மோசடியாக இருந்தது. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இணையக் குற்றப் புகார் மையம் விசாரணை அமைப்புகளுக்கு அனுப்பிவைத்த புகார்களில் பாதிக்கு மேற்பட்டவை ஏல மோசடி பற்றியவையே.

நடுவில் நிற்கும் அமானிதக்காரர்

இந்த நோய்க்குக் கண்டுபிடித்த மருந்துதான் இடைநின்று பணத்தைக் கையாளும் சேவை. வாங்குபவர் பணத்தை விற்பவரிடம் நேரே கொடுப்பதில்லை. நம்பகமான மூன்றாம் தரப்பிடம் ஒப்படைக்கிறார். பொருள் வந்து சேர்ந்தது என்று தெரிந்த பிறகே அது விற்பவருக்குப் பணத்தை விடுவிக்கிறது. இதனை ‘எஸ்க்ரோ’ என்பர். அடைமானப் பொருளை இருதரப்பும் நம்பும் நேர்மையாளர் ஒருவரிடம் வைப்பது பற்றி நமது ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன அல்லவா? ஏறத்தாழ அதே கருத்துத்தான் இதுவும்.

நம் நாட்டில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய பாஸி டாட் காம் என்னும் ஏலத் தளத்தை 2004இல் ஈபே வாங்கியது. அதில் ‘பைசாபே’ என்ற சேவை இயங்கியது. வாங்குபவர் அட்டை மூலமோ வங்கி மூலமோ செலுத்திய பணம் முதலில் தளத்தின் பொறுப்பில் நிற்கும். சரக்கு அனுப்பிய விவரம் உறுதியான பின்பே விற்பவருக்குச் செல்லும். முகமறியாத ஒருவருக்குக் காசோலையோ வரைவோலையோ அனுப்பிவிட்டுக் காத்திருந்த மக்களுக்கு இது பெரிய ஆறுதலாக அமைந்தது. 2017இல் ஃபிளிப்கார்ட்டுடன் இணைந்த ஈபே இந்தியா தளம் 2018 ஆகஸ்ட் 14ஆம் நாள் மூடப்பட்டது. சீனாவிலும் 2003இல் தோன்றிய தாவ்பாவ் சந்தைக்காக உருவான அலிபே, இவ்வாறு பணத்தை இடையில் நிறுத்திவைக்கும் முறையாலேயே மக்களின் நம்பிக்கையைப் பெற்றது.

பேபால் என்ற சேவையின் முறை சற்று வேறுபட்டது. 2002இல் ஈபே இதனை 150 கோடி டாலருக்கு வாங்கியது. 2015இல் இரண்டும் பிரிந்தன. இதில் பணம் விற்பவர் கணக்கில் சேர்ந்துவிடும். ஆயினும் பொருள் வரவில்லை என்றாலோ, வர்ணனைக்குப் பெரிதும் மாறாக இருந்தாலோ, பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் வாங்கியவர் முறையிடலாம். முறையிட்ட பின் 20 நாட்களுக்குள், பேபாலே தீர்ப்பளிக்குமாறு கோரிக்கையை மேலே கொண்டுசெல்ல வேண்டும். தவறினால் முறையீடு முடிந்துவிடும். இந்தியாவுக்குள் ஒருவருக்கொருவர் பணம் செலுத்தும் சேவையைப் பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. எனவே இது வெளிநாட்டில் வாழும் நம் சகோதரர்களுக்கே அதிகம் பயன்படும்.

பாதுகாப்பு முடிந்துபோகும் இடம்

பெரும்பாலோர் ஏமாறுவது பாதுகாப்பு இல்லாததால் அன்று. இருந்த பாதுகாப்பை விட்டு வெளியே வந்ததால்தான். “தளத்தின் கட்டணம் மிச்சமாகும், நேரே என் கணக்கில் போடுங்கள், ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொள்கிறேன்” என்று விற்பவர் சொல்வார். அந்த ஐந்நூறு ரூபாய் ஆசையில் நடுவரை நாமே அப்புறப்படுத்தி விடுகிறோம். பேபாலிலும் ‘நண்பர், குடும்பத்தார்’ என்ற வகையில் பணம் அனுப்பினால் வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. இதை அறிந்தே மோசடிக்காரர்கள் அவ்வகையில் அனுப்பச் சொல்கிறார்கள்.

2016இல் அறிமுகமான யுபிஐ முறை வசதியானது. ஆனால் அது காசைக் கையில் கொடுப்பதற்குச் சமம். நாமே ரகசிய எண்ணை இட்டு அனுப்பிய பணத்தை, பொருள் சரியில்லை என்று கூறித் திரும்பப் பெறும் ஏற்பாடு அதில் இல்லை. மற்றொன்றையும் வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்: பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை இட வேண்டியதே இல்லை. நீங்கள் விற்க வைத்த பழைய கட்டிலையோ தையல் இயந்திரத்தையோ வாங்குவதாகச் சொல்லி, ராணுவ வீரர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, கியூஆர் குறியீடு ஒன்றை அனுப்பி, “இதை ஸ்கேன் செய்து எண்ணை இடுங்கள், பணம் வந்துவிடும்” என்று கூறுபவர் உங்கள் பணத்தை எடுக்கவே அவ்வாறு கூறுகிறார்.

எஸ்க்ரோ என்ற பெயரிலேயே போலித் தளங்களும் உண்டு. ஆகவே விற்பவர் அனுப்பும் இணைப்பைத் தொட்டுச் செல்லாமல், தளத்தின் முகவரியை நீங்களே தேடிச் செல்லுங்கள்.

மார்க்கம் தந்த உரிமை

வாங்குபவருக்குத் திரும்பப் பெறும் உரிமை இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துபோன தோழர் ஒருவருக்கு, ஏமாற்று இருக்கக்கூடாது என்று சொல்லியே வாங்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அவருக்கு மூன்று நாள் அவகாசம் தந்ததாகவும் சில அறிவிப்புகளில் காணப்படுகிறது. மறைந்திருந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பும் உரிமைக்கு ‘கியாருல் ஐப்’ என்று பெயர். காணாத பொருளைப் பொறுத்தவரை, ஹனஃபி மத்ஹபில் பார்த்தபின் ஏற்கவோ மறுக்கவோ உரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபிலோ, காணாத குறிப்பிட்ட பொருளை விற்பது செல்லாது என்பதே வலுவான கருத்து. தன்மைகளைத் தெளிவாகக் கூறி, முன்பணம் கொடுத்து வாங்கும் ‘ஸலம்’ முறைக்குத் தனி நிபந்தனைகள் உள்ளன. உங்கள் வியாபாரம் எந்த வகையில் சேரும் என்பதை ஊர் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஏமாற்றப்பட்டால் என்ன செய்வது?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் தடுத்து நிறுத்த, முதல் சில மணி நேரமே வாய்ப்பு. உங்கள் வங்கிக்கும் உடனே தெரிவியுங்கள். அட்டை மூலம் செலுத்தியிருந்தால் அந்தத் தொகையை மறுத்துக் கோரும் வழியும் வங்கியில் உண்டு.

இணைய வணிகத் தளத்தில் வாங்கிய பொருள் பற்றிய குறை என்றால், முதலில் அத்தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்திற்குள் புகார் கிடைத்ததை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்திற்குள் தீர்வு தர வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். விற்பவர் தில்லியில் இருந்தாலும், வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்துள்ளது. கீழக்கரைவாசிக்கு இராமநாதபுரமே போதும். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும்.

இவை அனைத்திற்கும் சான்று தேவை. விளம்பரப் படம், உரையாடல், பணம் செலுத்திய எண் ஆகியவற்றைச் சேமித்துவையுங்கள். பொட்டலத்தைப் பிரிக்கும்போதே காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றிப் பேசும் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வாங்குபவருக்கும் ஓர் எச்சரிக்கை

பாதுகாப்பு என்பதும் ஓர் அமானிதமே. பெருநாளுக்கு உடுத்திக் களித்த ஆடையை, அளவு சரியில்லை என்று கூறித் திருப்பி அனுப்புவதும், வந்து சேர்ந்த பொருளை வரவில்லை என்று முறையிட்டுப் பணத்தைப் பெறுவதும் மோசடியே ஆகும். எதிரே இருப்பது பெரிய நிறுவனம் என்று எண்ணுகிறோம். பல நேரங்களில் அந்த இழப்பைச் சுமப்பவர், வீட்டிலிருந்தபடியே தைத்தும் சமைத்தும் விற்றுப் பிள்ளைகளை வளர்க்கும் ஒரு சகோதரியாக இருக்கக்கூடும். நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். அந்தக் கண்டிப்பு விற்பவருக்கு மட்டும் உரியதன்று.

எனவே அன்பர்களே! நடுவரை விட்டு விலகாதீர்கள்; விலையின் மலிவைக் கண்டு மயங்காதீர்கள்; சான்றைப் பாதுகாத்து வையுங்கள்; உங்களுக்குள்ள உரிமையை நேர்மையாகப் பயன்படுத்துங்கள். வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மையாக்கி, நம் பொருளில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.